புவனா எழுதிய பாராட்டுக் கடிதம்

என்னைப் பாராட்டி இதுவரை ஒரே ஒரு கடிதம்தான் வந்திருக்கிறது. நல்ல கடிதம். அதில் பொய் இல்லை, கூடுதலாக ஒரு சொல் இல்லை. அந்தக் கடிதத்தால்தான் எங்கள் லயத்து அறை எங்களுக்கு இல்லாமல் போனது.

தெரணியகலைக்கு மேலே ரப்பரும் தேயிலையும் கலந்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேன். அரசாங்கத்திடமிருந்து கம்பெனி எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. போர்டு மாறியது, கூரைத் தகரம் மாறவில்லை. செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், ஒரு அறை உண்டு. பெயர் போனால் அறையும் போகும். எங்கள் வீட்டில் செக்ரோலில் இருந்தது அம்மாவின் பெயர் மட்டும்தான். அப்பா நான் நடக்கப் பழகும்போதே செத்துப்போனார். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, எழுதவும் ஒன்றுமில்லை.

பாடசாலை ஒரு நீள மண்டபம். பலகைத் தட்டியை வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். நான் ஒன்பதாம் வகுப்பில் மாணவத் தலைவி. சட்டையில் ஒரு நீலத் துணிப் பட்டி குத்தியிருப்பேன். காலையில் கேட்டில் நின்று பிந்தி வருகிறவர்களின் பெயரை எழுதுவதும், மழை நாளில் சின்னப் பிள்ளைகளை ஓடையைக் கடத்தி விடுவதும் என் வேலை. அந்தப் பட்டிக்காக உயிரை விடுவேன். வேறு எதற்கும் என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ் படிப்பிக்க ஒரு சேர் வந்தார். நல்ல மனிதர். சந்தியில் பொலிஸ்காரன் அடையாள அட்டையைக் கேட்டு அவரைத் தினமும் நிறுத்துவான். அந்தக் கோபத்தை அவர் எங்கள் மேல் காட்டியதே இல்லை. மாணவத் தலைவர்களையெல்லாம் கூட்டி வைத்து ஒரு புதுப் பழக்கத்தை ஆரம்பித்தார். வருட முடிவில் எங்கள் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட வேண்டும். யாருக்கு யார் பெயர் வருகிறதோ, அவரைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

எனக்கு மேல் லயத்து ராஜூ கிடைத்தான். கேட்டில் என்னோடு நிற்பவன். உங்கள் சேவை வானத்து முழு நிலவைப் போன்றது, நீங்கள் எங்களுக்குக் கிடைத்த தெய்வம் என்று எழுதிக் கொண்டுபோனேன். சேர் அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிலவு இரவில தானே வரும். இவர் காலமை ஏழு மணிக்குக் கேற்றடியில நிக்கிறவர். என்ன செய்தவர் எண்டு எழுதும், பிள்ளை."

"நல்லா வேல செய்வாரு சேர்."

"என்ன வேலை?"

"எல்லா வேலையும்."

"எல்லாம் எண்டா ஒண்டுமில்லை எண்டுதான் அர்த்தம்."

ராஜூ பின்னாலிருந்து சிரித்தான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

பிறகு சேர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். உன் கண்ணால் கண்ட ஒரு செயலைச் சொல். அதனால் யாருக்கு என்ன நன்மை என்று சொல். எதையும் மூடி மறைத்து எழுதாதே, தெளிவாக எழுது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கடிதத்தை யாரும் எழுதியதில்லை. கூரைத் தகரம் கேட்டாலும், செத்த வீட்டுக்கு லீவு கேட்டாலும், சங்கத் தலைவர்தான் எழுதித் தருவார். சமூகம் பெரிய துரை அவர்களின் பாதம் பணிந்து என்று தொடங்கும். தோட்ட மேனேஜரான அந்தத் துரையின் பிள்ளைகுட்டிகளின் நலம் விசாரிக்கும். மழை வெயில் எல்லாம் வந்து போகும். என்ன வேண்டும் என்பது கடைசி வரியில், அதுவும் தங்கள் திருவுள்ளம் போல் என்று பட்டும் படாமலும் இருக்கும். சேர் அந்த மாதிரிக் கடிதங்களை அடிமைக் கடிதம் என்றார். நாங்களும் சிரித்தோம். எங்கள் ஆட்கள் எதையும் தெளிவாக எழுதாததற்குக் காரணம் இருக்கும் என்று அந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சேருக்கும் தோன்றவில்லை.

இனி அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பால் வெட்டுகிறவள். ரப்பர் மரத்தின் தோலைக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவினால் பால் வடிந்து சிரட்டையில் விழும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். பிறகு அந்த இடம் முண்டு தட்டிப்போகும், வெட்ட முடியாது. ஆகவே பால் வெட்டுக்குக் கண்தான் முக்கியம். அம்மாவுக்குத் தூரத்தில் வருகிற ஆளைத் தெரியும். கையெட்டும் தூரத்தில் இருப்பது புகை மாதிரி. அரிசியில் கல் பொறுக்க முடியாது, ஊசியில் நூல் கோர்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்டும் பார்த்தார்கள். நரம்பு போய்விட்டது, கண்ணாடி சரிவராது என்றுவிட்டார்கள்.

அதனால் நான் வெட்டினேன். விடியுமுன் போவோம். அம்மா டோர்ச்சைப் பிடிப்பாள், நான் கத்தியைப் பிடிப்பேன். கத்திச் சத்தத்தை வைத்தே ஆழத்தைச் சொல்லுவாள்.

"ஆழம் போகுது புள்ள, தூக்கு. நமக்குத் தோலுதான் வேணும், மரம் வேணாம்."

வெட்டு முடிந்ததும் நான் ஓடையில் கை கழுவிக்கொண்டு, கழுவியும் போகாத பால் கறையோடு பாடசாலைக்கு ஓடுவேன். பத்து மணிபோல் அம்மா சிரட்டைகளைத் தடவித் தடவிப் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோவாள். அதற்குக் கண் வேண்டியதில்லை. கங்காணிக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "வயசாக வயசாகத்தான் தாயி ஒன் கையி நல்லா திரும்புது" என்றார்.

"எல்லாம் பழக்கந்தான் கங்காணி" என்றாள் அம்மா. நான் கத்தியைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே போனார். அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கிற ஐம்பத்தைந்து வயதாகும்வரை இப்படியே ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். அதற்குள் நான் ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணி எங்காவது வேலைக்குப் போய்விடுவேன். திட்டமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

என் பெயர்ச் சீட்டு புவனாவுக்குப் போனது. அவளும் மாணவத் தலைவி, எங்களுக்கு இரண்டு லயம் தள்ளி இருந்தவள். ஒரு நாள் அவள் பிந்தி வந்ததற்கு நான் அவள் பெயரை எழுதிவிட்டேன். தலைவியே பிந்தி வந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று சத்தம் போட்டேன். கோபத்தில் அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள் மரங்களுக்கு நடுவே டோர்ச் வெளிச்சத்தைக் கண்டு கிட்டே வந்தாள். அம்மாவையும் என்னையும் என் கையிலிருந்த கத்தியையும் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் பாடசாலையில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். "தின்னுடி, மூஞ்சியப் பாரு" என்றாள். மாதக்கணக்கில் அவள் யாரிடமும் இதைப் பேசவில்லை.

கடிதம் எனக்கு மட்டும் என்றுதான் புவனா எழுதினாள். கையில் கொடுப்பதற்கு முன்னால் எல்லாக் கடிதங்களையும் சேர் திருத்தினார். அவளுடையதில் திருத்த ஒன்றும் இல்லை. அதைப் பரிசளிப்பு விழாவில் மேடையில் வாசிக்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். துரை பிரதம விருந்தாளி. உண்மை காதில் விழுந்தால் துரை உதவி செய்வார் என்று நம்பியிருக்கிறார். படித்த மனிதர்களின் நம்பிக்கை அப்படித்தான் இருக்கும். அதற்கான விலையைக் கொடுப்பது வேறு யாரோ.

விழாவுக்கு எல்லாத் தாய்மாரும் வந்திருந்தார்கள். அம்மா கல்யாணச் சேலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் துரை. அவருக்குப் பக்கத்தில் கல்விக் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த சிங்கள அதிகாரி. புவனா கடிதத்தை விரித்தாள். உரத்து வாசித்தாள்.

"அன்புள்ள தோழிக்கு, நீ விடியுமுன் எழும்பி உன் அம்மாவின் எல்லா மரங்களையும் நீயே பால் வெட்டுகிறாய். உன் அம்மாவுக்குக் கிட்டத்தில் கண் தெரியாது. பால் காய்ந்த கையோடு எங்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டில் நிற்கிறாய். ஒரு நாளும் நீ பிந்தியதில்லை. நான் பிந்தி வந்த அன்று என் பெயரை எழுதினாய். எனக்குக் கோபம் வந்தது. பிறகு நீ எங்கிருந்து வருகிறாய் என்று கண்ணால் கண்டேன். உன்னைப் பார்த்துத்தான் நான் இப்போது நேரத்துக்கு எழும்புகிறேன். நன்றி."

மண்டபம் கைதட்டியது. பெண்கள் சிலர் தட்டவில்லை. அதை நான் கவனித்தேன், பொறாமை என்று நினைத்தேன்.

துரைமாருக்கெல்லாம் தோட்டத் தமிழ் தெரியும். ஏசுவதற்குப் படித்தது, ஆனாலும் தமிழ்தான். அவர் சிரித்துக்கொண்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"நீதானா அந்தப் புள்ள?"

"ஆமாங்க சேர்."

"நெசமாவே நீ வெட்டுறியா? சும்மா கத எழுதலையே?"

"இல்லீங்க சேர். நான்தான் வெட்டுறேன்."

"காயம் போடாமயா?"

"இதுவரைக்கும் ஒரு காயமும் இல்லீங்க சேர். கங்காணியக் கேட்டுப் பாருங்க."

கங்காணி சுவரோரம் நின்றார். அவர் தலை குனிந்திருந்தது. அவரும் பாராட்டப்படட்டும் என்று நினைத்துத்தான் அவரை இழுத்தேன்.

தமிழ் கொஞ்சம் விளங்கிய அதிகாரி துரையின் பக்கம் சாய்ந்து சிங்களத்தில் என் வயதைக் கேட்டார். துரை வாயைத் திறப்பதற்குள் நானே, "தஹஹதரய், சேர்" என்றேன். பதினாலு. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றிருந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் இப்படி வேறு பிள்ளைகளும் வேலை செய்கிறார்களா என்று துரையைக் கேட்டார். துரையின் காது சிவந்தது. அவர் எழுந்து எனக்கு ஒரு கொம்பாஸ் பெட்டி பரிசு கொடுத்தார். மண்டபம் மறுபடி கைதட்டியது.

திங்கட்கிழமை அம்மாவை மரத்தடிக்கு வரச் சொன்னார்கள். சின்னத் துரை, கிளாக்கர், கங்காணி மூவரும் நின்றார்கள். கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். அம்மா இடது கையால் மரத்தைத் தடவினாள், பழைய வெட்டைக் கண்டுபிடித்தாள், வெட்டினாள். முதல் மரம் சரியாக வந்தது. கங்காணி, "போதுங்களே, நல்லாத்தானே வெட்டுது" என்றார். அடுத்த மரத்தையும் வெட்டச் சொன்னார்கள். அதில் கத்தி உள்ளே போய்விட்டது. அம்மாவுக்கு அது சத்தத்திலேயே தெரிந்திருக்கும். கத்தியை இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மரத்தையோ கத்தியையோ நான் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"தொரைக்கு ஒங்க மேல கோவம் இல்ல" என்று கிளாக்கர் சொன்னார். "சின்னப் புள்ள வெட்டுறது சட்டத்துக்கு விரோதமாம், கந்தோர்காரவங்க முன்னாடி தோட்டத்து மானம் போச்சு. அவரு என்ன செய்வாரு?"

"புல்லு புடுங்கவாவது விடுங்கையா" என்றாள் அம்மா.

"புல்லு எது, கன்னு எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

சின்னத் துரை சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று நான் இன்றுவரை என்னையே கேட்கிறேன், ஆத்திரம் மட்டும்தான் வருகிறது.

பெயரை வெட்டினார்கள். கங்காணியைத் தேயிலைப் பக்கம் மாற்றினார்கள். அறையைக் காலி பண்ணக் கொஞ்சக் காலம் தந்தார்கள். தமிழ் சேர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. துரைக்குத் தெளிவாக, நியாயத்தை எடுத்துச் சொல்லி ஒரு கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார்.

"இன்னொரு கடிதாசி வேணாங்க சேர்" என்றாள் அம்மா. "போதும்."

ஆனாலும் அவர் எழுதினார். துரை மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் போட்டார். வருந்துகிறோம் என்று அதில் இருந்ததாம். அடுத்த வருடம் சேர் மாற்றலாகிப் போனார்.

அம்மா புளத்கொகுபிட்டியப் பக்கம் மாமாவின் லயத்துக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு அறையில் ஏழு பேர். எனக்கு அங்கே இடமில்லை. என்னை எம்பிலிப்பிட்டியவில் ஒரு கடை முதலாளி வீட்டில் பிள்ளை பார்க்க விட்டார்கள். பால் வெட்டினால் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னார்களே, அந்த வீட்டில் நான் விடியுமுன் எழும்பி இரவு வரைக்கும் வேலை செய்தேன். எந்தக் கந்தோரிலிருந்தும் ஒருவரும் வந்து என் வயதைக் கேட்கவில்லை. அம்மா முழுக்கக் கண் தெரியாமல் மாமாவின் வீட்டு மூலையில் சில வருடம் கிடந்து செத்தாள். அடுப்புப் பக்கம் போகாதே, பிள்ளையைத் தூக்காதே என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அவளிடம் எதையும் செய்யச் சொல்ல யாரும் இல்லாமல் போனது. அதுதான் அம்மாவைக் கொன்றது என்று நினைக்கிறேன்.

புவனா ஓ.எல். பாஸ் பண்ணினாள். எம்பிலிப்பிட்டியவுக்கு எனக்கு ஒன்றிரண்டு கடிதம் போட்டாள். நலம், நலமறிய ஆவல் என்று இருந்தது. மழை வெயில் எல்லாம் வந்து போனது. கடைசி வரை என்ன சொல்ல வருகிறாள் என்று ஒன்றும் இல்லை. அவளும் எங்கள் ஆட்களைப் போல எழுதப் பழகிவிட்டாள். நான் பதில் போடவில்லை. அவள் மேல் கோபம் இல்லை, என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பாடசாலையில் பாராட்டுக் கடித விழா இன்னும் நடக்கிறதாம். நடத்தட்டும்.

நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது மரத்தடியும் இல்லை, எம்பிலிப்பிட்டியவும் இல்லை. விழா முடிந்து வீட்டுக்கு நடந்த பாதைதான்.

நான் கொம்பாஸ் பெட்டியை ஆட்டிக்கொண்டே நடந்தேன். உள்ளே இருந்தவை கலகலவென்று சத்தம் போட்டன. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளைவு தாண்டியதும் நின்றாள்.

"அந்தக் கடிதாசி ஒங்கிட்டதானே இருக்கு? வாசி."

வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசி. மெதுவா."

மெதுவாக வாசித்தேன். நடுவில் நிறுத்தினாள்.

"அதுல கண்ணு மங்கல்னு இருக்கா, தெரியாதுன்னு இருக்கா?"

"தெரியாதுன்னுதாம்மா இருக்கு."

"எல்லா மரமுமா? பாதி மரம்னு இல்லையா?"

"எல்லா மரமுந்தான்."

"ஒத்தாசைக்கு வெட்டுறான்னு ஒரு வார்த்த இருக்கா, பாரு."

"இல்லம்மா. நீயேன்னுதான் போட்டிருக்கா. தெளிவா எழுதணும்னு சேர் சொல்லிக் குடுத்திருக்காரு."

 தூரத்தில் ஸ்டோர் கூரை தெரிந்தது. அம்மா அதையே பார்த்தாள். பிறகு மறுபடி, "இன்னொருக்கா வாசி, தாயி" என்றாள். அம்மா என்னைத் தாயி என்று கூப்பிட்டதே இல்லை.

தன் மகளைப் புகழ்வதைக் கேட்க அவளுக்கு ஆசை தீரவில்லை என்று நினைத்தேன். ஆகவே பாதை ஓரத்துக் கல்லில் ஏறி, மேடையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து வாசித்தேன். கண் தெரியாது என்கிற இடம் வந்ததும், அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.